புரியலக்கா

குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. நான்கு பேர் பேசியாயிற்று. ஐந்தாவதாக ஒருங்கிணைப்பாளர் மேடம் மைக்கைப் பிடித்தார். எங்கள் சமுதாயக் கல்லூரியின் புது டிப்ளமோவைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, “ஆக, இது ஒரு ஹைபிரிட் கோர்ஸ். எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்” என்று முடித்தார். நாங்கள் கை தட்டத் தயாரானோம். கை தட்டி முடித்தால் கேசரியும் டீயும் வரும் என்று பின்வரிசைக்குச் செய்தி வந்திருந்தது.

நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“புரியல மேடம்.”

சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு அக்கா எழுந்து நின்றார். முகத்தில் கூச்சமும் இல்லை, குறும்பும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவர் முகம்.

“ஹைபிரிட்டுன்னா எனக்குத் தெரிஞ்சது தக்காளி வெதைதான். எங்க மாமனார் ஒரு வருசம் போட்டாரு. நல்லாத்தான் காய்ச்சுது. அதுல வெதைய எடுத்து மறுபடி போட்டா ஒண்ணும் சரியா வரல. இதுவும் அந்த மாதிரியா? இங்க படிக்கிறத அப்பால நாங்களே போட்டா வெளையுமா, வெளையாதா?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மேடமும் சிரித்தார், ஆனால் சிரித்து முடித்த பிறகும் அந்த அக்கா நின்றுகொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் மேடம் முதலிலிருந்து சொன்னார்: வாரத்தில் ஆறு நாளும் அவரவருக்கு ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் வீடியோ பாடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் வகுப்பு, இரண்டும் சேர்ந்ததுதான் ஹைபிரிட். அரை மணி நேரத்தில் சொல்லாததை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். “இப்ப புரியுது” என்று அக்கா உட்கார்ந்தார். கேசரி ஆறிப்போய் வந்தது. அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்தாயிற்று: புரியலக்கா.

இது இரண்டாயிரத்துப் பதிமூன்று வாக்கில். நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பேராக ஒரே அறையில் குடியிருந்தோம். ஆறு பேருக்கும் ஒரே மாதிரி வாழ்க்கை. ஷிஃப்ட், தூக்கம், புரோட்டா, அப்புறம் ஊருக்கு ஒரு மிஸ்டு கால். அறைக்கு வந்து சேர்ந்ததும் அம்மா நம்பருக்கு இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணிவிட வேண்டும். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. தவறிப்போய் அம்மா எடுத்துவிட்டால் எடுத்ததற்குத் திட்டுவேன்.

அக்கா உள்ளூர்க்காரர். வடக்குப்பட்டில் வீடு; கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஒரு ஒயர் கம்பெனியில் ஏழு வருஷமாக பேக்கிங் வேலை, அதுவும் கான்ட்ராக்ட். எங்கள் இரண்டு கம்பெனியிலும் கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை, கம்பெனி ரோலில் இருக்கும் நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை. இந்த டிப்ளமோவை முடித்தால் மெயின்டெனன்ஸ் பிரிவில் ரோலில் எடுப்பதாக அவர் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வயது மட்டும் முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு அந்த வருஷம் முப்பத்தைந்து. முதல் பேட்சிலேயே முடித்தால் நீலச் சட்டை. விட்டால் ரிட்டையர் ஆகும் வரை பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார், ஒளிவு மறைவு கிடையாது.

கல்லூரி என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சிங்கப்பெருமாள் கோவில் போகும் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அதன் சாப்பாட்டுக்கூடம் எங்கள் வகுப்பறை. மேனேஜர் அறையில் இரண்டு கம்ப்யூட்டர். முகூர்த்த ஞாயிறென்றால் வகுப்பு கிடையாது. தெரியாமல் வந்துவிட்டவர்களை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்றும் நினைத்துப் பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள். நான்கு முறை அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன். தெரியாமல் வந்தது முதல் முறை மட்டும்தான்.

வீடியோவில் பாடம் நடத்தியவர் ஒரு டை கட்டிய சார். எந்த ஊரில் வைத்து எடுத்தார்களோ தெரியாது. முதல் சில வாரம் மண்டபத்துக் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்துதான் எல்லாரும் பார்த்தோம். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம், “ஓகே? புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு இரண்டு நொடி எங்களையே பார்ப்பார். பிறகு “நெக்ஸ்ட்” என்று போய்விடுவார். அந்த இரண்டு நொடியில் நாங்கள் மூக்கைச் சொறிவோம், மணி பார்ப்போம். அக்கா மட்டும் பதில் சொல்வார்.

“புரியல சார்.”

“நெக்ஸ்ட்,” என்பார் வீடியோ சார்.

“இன்னா மனுசன்யா இவரு, கேள்வி கேக்கறாரு, பதில் சொன்னா காதுல வாங்காம போய்க்கினே கீறாரு!”

இது ரெக்கார்டிங் என்று நான்தான் விளக்கினேன். தெரியும் என்றார் அக்கா. தெரிந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. நான்கு வாரம் திரையோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளைச் சேர்த்து வைத்துக்கொள்வார். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் அக்காவின் எழுத்து. ‘பாடம் 6. பதினாலாவது நிமிஷம், இருபதாவது செகண்டு. புரியல.’ ஒரு தாளுக்கு ஒரு புரியல. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துவந்து மேஜையில் வைப்பார்.

நேரில் வகுப்பெடுத்த சார், பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். அவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு, அதையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். சாதுவான மனிதர். கட்டு வந்த முதல் வாரம் அதைப் பார்த்ததும் பால்காரனின் சீட்டு என்று நினைத்து, “இது எனக்கில்லைம்மா” என்று திருப்பிக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் எரிச்சல்பட்டார். மூன்றாவது வாரம் வீட்டிலிருந்தே மோட்டார், ரிலே, ஒயர் எல்லாம் ஒரு கட்டைப் பையில் தூக்கிவந்து, “இந்த வாரம் எத்தனை தாள்மா?” என்று அவரே கேட்க ஆரம்பித்தார். புரிந்துவிட்ட தாளை அக்கா அங்கேயே நான்காகக் கிழித்துச் சாப்பாட்டுக்கூடத்துக் குப்பைத் தொட்டியில் போடுவார். கிழிக்கிற சத்தம் கேட்டால் சாருக்கு முகம் மலர்ந்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

வெளியிலும் அக்கா இப்படித்தான். ஒரு முறை காய்ச்சலுக்கு மருந்து வாங்க டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்குச் சற்று முன்னால் அக்கா. டாக்டர் எழுதிக் கொடுத்து, “மூணு வேளை, அஞ்சு நாள், புரிஞ்சுதா?” என்றார். அக்கா நகரவில்லை. எந்த மாத்திரை எதற்கு, அஞ்சு நாள் எதற்கு, ரெண்டாம் நாளே சரியாகிவிட்டால் மிச்சத்தை என்ன செய்வது என்று நிதானமாகக் கேட்டார். பின்னால் இருந்த வரிசை பல்லைக் கடித்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அடுத்து உள்ளே போன பெரியவர், “எனக்கும் அந்தம்மாவுக்கு சொன்னாப்பல சொல்லுங்க” என்று ஸ்டூலில் அழுத்தி உட்கார்ந்துவிட்டார். நான் மருந்து வாங்கி வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் காய்ச்சலே விட்டிருந்தது.

இத்தனை பேருக்கு முன்னால் புரியலை என்று சொல்ல இவருக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். சின்ன வயதில் யாராவது அவமானப்படுத்தியிருப்பார்கள், கூட வேலை பார்த்தவருக்கு ஏதாவது விபத்து நடந்திருக்கும், இப்படி ஏதாவது. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“கதையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. மண்டையில ஏறல, ஏறலன்றேன். இதுக்கு எதுக்கு தைரியம்?”

“எல்லாரும் சிரிக்காகளே, ஒங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காதாக்கா?”

“சிரிக்கறவனுக்கு மட்டும் புரிஞ்சிகீதா? அவன இட்டாந்து கேளு.”

அவன் வேறு யாருமில்லை, நான்தான். பஸ் வந்ததால் பிழைத்தேன்.

என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோர்ஸில் என்னை ‘கிளிக்’ என்று கூப்பிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். என்னையும் சேர்த்து அறையில் ஆறு பேரின் பாஸ்வேர்டும் என்னிடம் ஒரு நோட்டில் இருக்கும். ஆறு பேர் கணக்கையும் ஒரே நேரத்தில் திறந்து, வீடியோ சாரைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, எதிர்க் கடையில் டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்தால் ஆறு திரையிலும் ஒரு பச்சைப் பட்டன் காத்துக்கொண்டிருக்கும். ஆறு கிளிக். ஆறு பேருக்கும் பாடம் முடிந்தது. கூலி ஒரு செட் புரோட்டா. தேர்வுக்கு என்ன கேள்வி வரும் என்பது எனக்கு மனப்பாடம், மாதிரித் தேர்வில் நூற்றுக்கு நூறு. வகுப்பில் நான்தான் முதல்.

அந்தப் பச்சைப் பட்டனில் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தது என்பதே எனக்கு வெகு நாள் தெரியாது. காட்டியவர் அக்கா.

“தம்பி, இதுல இன்னா எழுதிகீது, படி.”

“‘இந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டேன்.’”

“எனக்குப் புரியலையே. புரியலன்ற பட்டன் எங்க?”

திரை முழுக்கத் தேடினோம், இல்லை. அக்கா நேரே மேடமிடம் போனார். மேடம் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினார். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலும் புரியவில்லை என்று அக்கா சொன்னார். அதற்கு மேல் மேடத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆக, புரியாமல் பட்டனை அமுக்குவதில்லை என்று அக்கா முடிவு செய்துவிட்டார். நாங்கள் எல்லாரும் இருபதாவது பாடத்தை முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்கா பதினொன்றில் இருந்தார். ஆனாலும் விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து மண்டபத்துக்கு வருவார், தாள் எழுதுவார், ஞாயிற்றுக்கிழமை கிழிப்பார், பச்சைப் பட்டனை அமுக்குவார். கடைசி மாதத்தில் வேகம் பிடித்தது. மொத்தம் இருபது பாடம். பத்தொன்பது முடிந்துவிட்டது. நடுவில் பதினேழாவது மட்டும் மாட்டிக்கொண்டது.

பதினேழாவது பாடம் மிஷினில் இருக்கும் சிவப்புப் பட்டனைப் பற்றியது. ஏதாவது ஆபத்தென்றால் அமுக்கி நிறுத்துவதற்கான பட்டன். அதன் வழியாக எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; அமுக்கினால் கரண்ட் அறும், மிஷின் நிற்கும். வீடியோ சார் இதைச் சொல்லிவிட்டு, “இது ரூல், மனப்பாடம் பண்ணிக்கோங்க. ஓகே? புரிஞ்சுதா? நெக்ஸ்ட்” என்று போய்விட்டார்.

“மத்த பட்டன்லாம் அமுக்குனாதான் கரண்ட் ஓடுது, வேலை நடக்குது,” என்றார் அக்கா. “இது மட்டும் இன்னாத்துக்கு சும்மா இருக்கசொல்லவே ஓடிக்கினு கீது? வருசம் பூரா தெண்டத்துக்கு கரண்ட்டு. அமுக்கறப்ப மட்டும் ஓடுனா போதாதா? எப்படியும் மிஷின் நிக்கப்போவுது.”

நியாயமான கேள்வி. இன்ஜினியர் சார் இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தாள் கிழிந்திருக்கும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு முகூர்த்தம். மூன்றாவது ஞாயிறு சார் வரவில்லை. அவர் கம்பெனியில் ஆண்டு ஷட்டவுன், மிஷின்களையெல்லாம் நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்கள்; மெயின்டெனன்ஸ் ஆட்கள் யாரும் வெளியே வர முடியாது. போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த மூன்றாவது ஞாயிறுதான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு சிஸ்டம் மூடிவிடும். இருபது பாடமும் முடித்திருந்தால்தான் தேர்வு எழுத முடியும். மேடம் காலையிலிருந்து அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினாராம். “ஒரே ஒரு கிளிக்மா. அப்புறம் நிதானமா புரிஞ்சுக்கலாம்.”

அன்றைக்கு எனக்கு ஓவர்டைம் இருந்தது. அதை முடித்துவிட்டு, அறைக்குப் போகாமல் நேரே மண்டபத்துக்கு வந்தேன். மணி மூன்று இருக்கும். சாப்பாட்டுக்கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் நடுவில் அக்கா, கையில் ஒரே ஒரு காலண்டர் தாள்.

“வாப்பா, நூத்துக்கு நூறு. நீ சொல்லு.”

“அது வந்துக்கா… நார்மலி குளோஸ்டுன்னு பேரு. அப்படித்தான் இருக்கணும். எல்லா கம்பெனியிலயும் அப்படித்தான்.”

“அதான் ஏன்?”

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு மாதிரித் தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுத்து ஒரு மதிப்பெண் வாங்கியவன் நான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தேன். அவன் தனக்குப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். முப்பது பேரும் பச்சைப் பட்டனை அமுக்கியவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

நான்கு மணிக்கு மெல்ல எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். அக்காவின் கணக்கு ஒரு கம்ப்யூட்டரில் திறந்தே இருந்தது. பதினேழாவது பாடம், பச்சைப் பட்டன். அம்புக்குறியைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தேன். ஏழு வருஷச் சாம்பல் சட்டை ஒரு கிளிக்கில் நீலமாகிவிடும். நல்லது செய்கிறோம் என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

“இன்னா பண்ற?”

வாசலில் அக்கா நின்றிருந்தார்.

“ஒங்களுக்காகத்தான்க்கா. நான் அமுக்கிருதேன், நீங்க அமுக்கினதா ஆகாது. ஒங்க மேல பாவம் இல்ல.”

அக்கா வந்து என் கையை மவுஸிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்குப் பசிச்சா நீ துன்னுவியா? நாளைக்கு மெயின்டெனன்ஸ்ல போட்டாங்கன்னா அந்தப் பட்டன நான்தானே மாட்டணும். எவனோ ஒருத்தன் கை உள்ள மாட்டிக்கினு அத அமுக்குவான். அன்னிக்கு கிளிக் பண்ண நீ வருவியா?”

“அப்ப வேலை போனா பரவால்லயாக்கா?”

“யாரு சொன்னா பரவால்லன்னு?” அக்காவின் குரல் லேசாக உடைந்தது. அதுவரை நான் அப்படிக் கேட்டதே இல்லை. “எனக்கு வேணும்பா. ரொம்ப வேணும். ஆனா புரியலையே, இன்னா பண்ணட்டும்?”

இரண்டு பேரும் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்தோம். நான்கரை மணி. அப்போதுதான் என் போன் அடித்தது. எடுத்ததும் அம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“ஏலே, உசுரோட இருக்கியால? மூணு மணியிலேருந்து போன கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். பதறிட்டேம்ல!”

சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன், கல்லூரியில் இருக்கிறேன் என்று சமாதானம் சொல்லி வைத்தேன். பையன்கள் சிரித்தார்கள். அக்கா கேட்டார், “யாரு?”

“எங்கம்மாக்கா. தெனமும் ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் மிஸ்டு கால் குடுப்பேன். இன்னைக்கு நேரா இங்க வந்ததுல மறந்துட்டேன். மிஸ்டு கால் போகலன்னா ஏதோ ஆயிட்டுன்னு நெனைச்சிருவாக.”

“அது இன்னாத்துக்கு தெனமும்? எதுனா ஆச்சுன்னா நீதான் போன் பண்ணி சொல்லப்போறியே.”

“எதுனா ஆயிட்டுன்னா எப்படிக்கா போன் பண்ண முடியும்? போனே ஒடஞ்சு கெடந்தா?”

சொன்னவன் நான். சொன்னது என்ன என்று எனக்கு உறைக்கவில்லை. அக்கா மட்டும் அசையாமல் நின்றார்.

“இரு இரு இரு. அத திரும்பச் சொல்லு.”

“எதுனா ஆயிட்டுன்னா…”

“ஐயோ, அதாம்பா!” அக்கா மேஜையில் ஓங்கித் தட்டினார். “அந்த செவப்புப் பட்டன்ல ஓடற கரண்ட்டு உன் மிஸ்டு காலு! நல்லாக்கீறேன், நல்லாக்கீறேன்னு மிஷினுக்கு சொல்லிக்கினே கீது. நடுவுல ஒயர எலி கடிச்சிட்டுதுன்னு வெச்சிக்கோ. மிஸ்டு கால் நின்னுபூடும். மிஷினு உங்கம்மாவாட்டம் பதறி அப்பவே நின்னுடும். அதுவே, அமுக்குனாதான் கரண்ட்டுன்னு வெச்சிருந்தா? ஒயர் அறுந்தது ஒருத்தனுக்கும் தெரியாது. பட்டன் பாக்க நல்லாத்தான் இருக்கும். கை மாட்டுன அன்னிக்கு அமுக்குவோம். ஒண்ணும் ஆவாது.”

எங்கள் ஒவ்வொருவர் மிஷினிலும் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. முதன்முறையாக எல்லாரும் அதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றுகிறது. அக்கா கையிலிருந்த தாளை நான்காகக் கிழித்தார். கல்லூரியில் அவர் கிழித்த கடைசித் தாள் அது.

பிறகு ஒரே ஓட்டம். முப்பது பேரும் மேனேஜர் அறைக்குள் நுழைய முடியாமல் வாசலில் முண்டினோம். மேடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மணி நான்கு ஐம்பது. அக்கா உட்கார்ந்து, மவுஸைப் பிடித்து, பட்டனில் எழுதியிருந்ததை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். “இந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டேன்.” தலையை ஆட்டிக்கொண்டார். அமுக்கினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் மண்டபத்து இன்டர்நெட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்; அன்றைக்கு அது ஆறு நிமிஷம் சுற்றியது. யாரோ பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டார்கள். நான்கு ஐம்பத்தாறுக்குப் பதினேழு பச்சையாகிவிட்டது. மேடம் அழுதுவிட்டார்.

அக்கா நாற்காலியிலிருந்தே திரும்பி எங்களைப் பார்த்தார். “உங்களுக்கு?” என்றார். “புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுக்கா!” என்று கத்தினோம். மனப்பூர்வமாகத்தான் கத்தினோம்.

தேர்வில் அக்கா தேறினார். அவரைவிட எனக்குத்தான் மதிப்பெண் அதிகம்; அதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. சில மாதம் கழித்து ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். நீலச் சட்டை, பையில் ஒரு டெஸ்டர். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரிடம் அவர் எந்த வழியாகப் போவார் என்று தீவிரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர் புருஷன்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் எனக்கு அக்கா என்றால் அந்தத் திங்கட்கிழமைதான் ஞாபகம் வரும். கடைசி ஞாயிற்றுக்கு அடுத்த நாள், முதல் ஷிஃப்ட். என் மிஷினில் சிவப்புப் பட்டன் இடது பக்கம், கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும். ஒன்றரை வருஷமாக அதை நான் ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்தியிருந்தேன். காதில் வைக்கும் அடைப்பானின் கயிற்றை அதில் மாட்டி வைப்பேன். அன்றைக்குக் கயிற்றை எடுத்துவிட்டு, மிஷினை வெறுமனே ஓடவிட்டு, பட்டனை அமுக்கினேன்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி அமுக்கினேன். உள்ளங்கையால் அழுத்தினேன். ஓடிக்கொண்டே இருந்தது. எப்போதோ ஒரு ரிப்பேரின்போது பட்டனை அமுக்கினாலும் கரண்ட் அறாதபடி யாரோ ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தார்கள் என்பது மதியம்தான் தெரிந்தது. காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒன்றரை வருஷமாக என் கை போய்வரும் இடத்தில் ஒரு செத்த பட்டன் இருந்திருக்கிறது என்பதுதான். மெயின் சுவிட்சைப் போய் அணைத்தேன். லைன் நின்றதும் சூப்பர்வைசர் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஓடற மிஷின இன்னாத்துக்கு நோண்டற? ஒண்ணர வருசமா எதுனா ஆச்சா? டார்கெட் போவுது. மெயின்டெனன்ஸ் வந்தா அப்பால பாக்கச் சொல்றேன், இப்ப லைனப் போடு. புரிஞ்சுதா?”

அந்தக் கேள்விக்கு என் தலை தானாகவே ஆடும். அன்றைக்கும் பாதி ஆடிவிட்டது. சுற்றிலும் சாம்பல் சட்டைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“புரியல சார்,” என்றேன். “திரும்பச் சொல்லுங்க.”